மறு: கலைச்சொல் தேவை – வேலைக்கு ஆள் வந்துபோகும் சுற்றுவட்டாரம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு வேலை மையத்துக்கு ஆட்கள் வந்துபோகும் சுற்றுவட்டாரத்தைக் குறிக்கும் 'கம்யூட்ஷெட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். இதுவரை வந்தவை: தினப்பயண வட்டாரம், பெருநகர்ப் பகுதி, பயணிப்பிடிப்புப் பகுதி, வேலைவரத்துப் பகுதி. எழுதிய எல்லாருக்கும் நன்றி. எதைத் தேர்வது என்று பேசுவதற்கு முன், சொல் போய் உட்கார வேண்டிய இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இடம் தெரிந்தால் பாதிச் சொற்கள் தானாகவே கழன்றுவிடும்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துத் தென்மேற்கில், 'ட்ரெஷர் வேலி' என்று பெயர் வாங்கிய பள்ளத்தாக்கில். பாய்சி ஆறு கிழக்கு மலைகளிலிருந்து இறங்கி, மேற்கே ஸ்நேக் ஆற்றில் சேரும்வரை இருக்கிற சமவெளிதான் இது. நாட்டிலேயே வேகமாக வளர்கிற பகுதிகளில் ஒன்று. 2010இல் 75,092 பேர் இருந்த மெரிடியன் நகரம், 2020 கணக்கெடுப்பில் 1,17,635 ஆகிவிட்டது. மாநிலத் தலைநகர் பாய்சி, மெரிடியன் எல்லாம் அடங்கிய ஏடா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 4,94,967 பேர். பக்கத்துக் கேன்யன் கவுண்டியில் 2,31,105 பேர்.

வயலாக இருந்த காலத்தில் மைலுக்கு ஒரு சாலை என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். கட்டத்துக்குள் இப்போது வீட்டு மனைகள். மனைகளுக்கு நடுவே பழைய பாசனக் கால்வாய் இன்னும் ஓடுகிறது. பல இடங்களில் அதன் மேல் பாலம் கிடையாது. அக்கரை வீட்டுச் சமையலறை விளக்கு இக்கரையிலிருந்து தெரியும். ஆனால் அங்கே போக வேண்டும் என்றால் காரை எடுத்துக்கொண்டு மைல் சாலைக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டும். பால் வாங்கப் போகிறவரும் முப்பது மைல் தாண்டி வேலைக்கு வருகிறவரும் ஈகிள் சாலையிலோ டென் மைல் சாலையிலோ ஒரே சிக்னலில்தான் நிற்கிறார்கள். சாலையின் குறுக்கே எண்ணும் குழாயைப் போட்டால் எத்தனை வண்டி என்று தெரியும். எங்கிருந்து வந்த வண்டி என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் திட்டமிடுகிறவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்படுகிறது.

இப்போது எல்லைகளைப் பாருங்கள். 50,000 பேருக்கு மேல் இருக்கிற நகர்ப்பகுதியில், உள்ளாட்சிகளெல்லாம் சேர்ந்து தொடர்ச்சியாகத் திட்டமிட்டால்தான் கூட்டரசின் சாலைப் பணம் என்று 1962 சட்டம் சொன்னது. அதற்கென்று தனி அமைப்பு வேண்டும் என்பது 1973இல் வந்தது. இங்கே அந்த அமைப்பின் பெயர் காம்பஸ். 2050 வரைக்குமான போக்குவரத்துத் திட்டத்தை அதுதான் வைத்திருக்கிறது. ஆனால் அதன் அதிகாரம் ஏடா, கேன்யன் என்ற இரண்டு கவுண்டிகளோடு நின்றுவிடுகிறது. இன்றைய நகரமும், இருபது ஆண்டில் நகரமாகப்போகிற நிலமும் அடங்கினால் போதும் என்பதே விதி.

மக்கள் அந்தக் கோட்டோடு நிற்பதில்லை. வடக்கே ஜெம் கவுண்டியில் எம்மெட் என்று ஒரு சிற்றூர், பழத்தோட்டங்களுக்குப் பெயர்போனது. அங்கிருந்த பெரிய மர அறுவை ஆலை 2001இல் மூடப்பட்டது. உள்ளூரில் வேலை போனதும், ஃப்ரீஸவுட் குன்று ஏறி இறங்கும் 16ஆம் எண் மாநில நெடுஞ்சாலைதான் பலருக்கும் பிழைப்புக்கு வழி. மேற்கே ஸ்நேக் ஆற்றைத் தாண்டினால் ஆரிகன் மாநிலம். அந்த மாநிலத்தின் பெரும்பகுதி பசிபிக் நேரத்தில் இருக்க, ஒன்டாரியோ ஊர் இருக்கிற மால்யூர் கவுண்டி மட்டும், அதன் தென்கோடி ஒரு துண்டு நீங்கலாக, பாய்சியின் மலை நேரத்தில் கடிகாரம் வைத்திருக்கிறது. பிழைப்பும் சந்தையும் பாய்சிப் பக்கம் இருப்பதால்தான். மாநில எல்லை ஒரு பக்கம் இழுக்க, கடிகாரமே வேலை பார்க்கும் ஊரோடு போய்விட்டது! இந்தப் பிணைப்புக்குத்தான் நான் பெயர் தேடுகிறேன்.

இனி பரிந்துரைகள்.

'பெருநகர்ப் பகுதி' முடியாது. அது கூட்டரசின் புள்ளிவிவர வகைப்பாட்டில் இருக்கிற வேறு சொல்லுக்கு உரியது. மையக் கவுண்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நான்கில் ஒரு பங்கு இருந்தால் பக்கத்துக் கவுண்டியையும் முழுசாகச் சேர்த்துவிடுவார்கள். அப்படி ஐந்து கவுண்டிகள் சேர்ந்ததுதான் பாய்சிப் பெருநகர்ப் பகுதி. அதில் ஒன்றான அவைகி கவுண்டி ஏறத்தாழ 7,700 சதுர மைல். சுமார் 12,000 பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் ஸ்நேக் ஆற்றோரம் ஹோம்டேல், மார்சிங் பக்கம் இருக்கிறார்கள். மிச்சமெல்லாம் பாலைவெளியும் ஆழ்ந்த பள்ளங்களும். அங்கிருந்து யார் எட்டு மணி ஷிப்டுக்கு வரப்போகிறார்கள்?

'தினப்பயண வட்டாரம்' எளிமையானது, கேட்டதும் புரியும். பள்ளிக்கும் கடைக்கும் போவதும் தினப்பயணம்தானே என்பதுதான் குறை.

'பயணிப்பிடிப்பு' நீர்ப்பிடிப்பைப் பார்த்து எழுந்த சொல், யோசனை நல்லது. ஆனால் சவாரி பிடிப்பது என்று ஆட்டோ ஓட்டுகிறவர்கள் அன்றாடம் சொல்கிறார்கள். அந்த நினைப்பு வந்து குறுக்கே நிற்கும்.

எனக்குப் பிடித்தது 'வரத்து'. ஏரிக்கு நீர்வரத்து, சந்தைக்குக் காய்கறி வரத்து என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் இந்தத் தொடர்களில் வரத்துக்கு முன்னால் நிற்பது, வருகிற பொருள். நீர் வருகிறது, காய்கறி வருகிறது. அந்தக் கணக்கில் 'வேலைவரத்து' என்றால் வேலை வருகிறது என்றாகிவிடும். வருவது ஆள். நடவுக்கு ஆள் வரவில்லை, கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லும்போது 'ஆள்' என்பது வேலைக்கு வருகிறவரைத்தான் குறிக்கிறது. ஆகவே 'ஆள்வரத்துப் பகுதி' என்று முன்வைக்கிறேன்.

எழுதிப் பார்த்தேன்: "பாய்சியின் ஆள்வரத்துப் பகுதி காம்பஸின் எல்லையைவிடப் பெரியது." "16ஆம் எண் நெடுஞ்சாலையை ஐ-84 விரைவுச்சாலை வரை நீட்டினால் எம்மெட்டிலிருந்து ஆள்வரத்து கூடும்." எனக்கு இடறவில்லை.

இன்னொன்றும் கிடைக்கிறது. கேன்யன் கவுண்டிக்குள் வேலைக்கு வருகிறவர்களும் உண்டு, அங்கிருந்து ஏடாவுக்குப் போகிறவர்களும் உண்டு. வருவது ஆள்வரத்து, போவது ஆள்போக்கு என்று பிரித்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து நாம் ஏற்கெனவே வைத்திருக்கிற 'போக்குவரத்து'க்குள்ளேயே அடங்கிவிடும்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். குறிப்பாக 'ஆள்' என்ற சொல் அரசு ஆவணத்தில் மரியாதைக் குறைவாகத் தோன்றுமா என்பதை.

அன்புடன்,
மெரிடியனிலிருந்து

----------

தம்பிக்கு,

பொதுப்பணித் துறையில் ஏரி, அணை வேலையிலேயே என் பணிக்காலம் போனது. அந்த அனுபவத்தில் இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, நீர்வரத்து என்பது அளவு; வினாடிக்கு இத்தனை கனஅடி. நிலப்பரப்பைச் சொல்ல வேண்டுமானால் 'பகுதி' கட்டாயம் வேண்டும். உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளும் அப்படிச் சரியாகவே பிரிந்திருக்கின்றன. சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே போடுங்கள். ஒன்றாகப் போட்டால் மொழிபெயர்க்கிறவர் 'பகுதி'யை வெட்டிவிடுவார்.

இரண்டு, ஏரியில் ஆயக்கட்டு என்று வேறொன்று இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது வரத்துப் பகுதி. யாருக்குப் பாய்கிறது என்பது ஆயக்கட்டு. பேருந்து யார் யாருக்கு ஓடுகிறது என்பதையும் ஆள் எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரே சொல்லால் சொல்லிவிடாதீர்கள். உங்கள் ஊரில் அந்த இரண்டும் பொருந்துகின்றனவா?

'ஆள்' எனக்கு உறுத்தவில்லை. வேலையாள், பணியாள் எல்லாம் வழக்கில் இருக்கிறதே. ஆள்போக்குதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. அணையில் நாங்கள் 'வெளியேற்றம்' என்போம். ஆனால் 'ஆள் வெளியேற்றம்' என்றால் குடியிருப்பைக் காலி செய்ய வைப்பதாகிவிடும். ஆகவே போக்கே இருக்கட்டும்.

----------

வணக்கம்.

இலங்கையில் நாங்கள் புவியியல் பாடத்தில் 'நீரேந்து பிரதேசம்' என்றுதான் படித்தோம். அதை வைத்து 'ஆளேந்து' என்று ஆக்கினால் சரிவராது. ஆள்வரத்துப் பகுதி எங்களுக்கும் விளங்கும். எங்களுக்கென்று வேறு சொல் வேண்டியதில்லை. 'பிரதேசம்' என்று மாத்திரம் மாற்ற வேண்டாம். எங்கள் நிருவாகத்தில் பிரதேசம் என்றால் பிரதேச சபை, பிரதேச செயலகம் என்று எல்லை வகுத்த ஒன்று. எல்லை கடந்ததைச் சொல்ல வந்த சொல்லுக்கு அது பொருந்தாது.

----------

ஐயாவுக்கும் இலங்கை நண்பருக்கும் மிக்க நன்றி.

ஐயா கேட்ட கேள்விதான் இங்கே பெரிய வலி. இரண்டும் பொருந்தவில்லை. பள்ளத்தாக்குப் பேருந்து ஆணையத்தின் சேவை ஏடாவிலும் கேன்யனிலும்தான். அதற்கென்று ஒதுக்கிய வரி எதுவும் கிடையாது. நகரங்களும் கவுண்டிகளும் ஆண்டுதோறும் பார்த்துக் கொடுக்கிற பணத்தில் ஓடுகிறது. கூட்டரசுப் பணத்திலும், 50,000க்கு மேற்பட்ட நகர்ப்பகுதிக்கு ஒரு நிதி, அதற்குக் கீழே ஊரகத்துக்கு வேறொரு நிதி. எம்மெட்டில் கிளம்பிப் பாய்சியில் நிற்கிற பேருந்து ஒன்று விடலாம் என்று யாராவது நினைத்தால், முதலில் அது எந்தப் பணத்தில் ஓடும் என்ற கேள்வி வந்துவிடும். கோட்டுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் சொந்தக் கார். கொஞ்சப் பேருக்கு, ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் கம்யூட்ரைடு வேன்.

கோட்டுக்கு உள்ளேயும் ஊரகம் உண்டு. கேன்யன் கவுண்டியின் மேற்குப் பக்கம் இன்னும் ஹாப்ஸ் கொடியும் வெங்காயமும் திராட்சையும்தான். இலையுதிர் காலத்தில் சர்க்கரை பீட்ரூட் ஏற்றிய லாரிகள் நாம்பா ஆலைக்கு வரிசையாகப் போகும். அதே இருவழிச் சாலையில், இருட்டு விலகும் முன்பே, பாய்சிக்கு அவசரமாகப் போகிற கார்கள். டிராக்டரின் பின்னால் பொறுமையிழந்து முந்துகிறவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. ஆள்வரத்து வரைபடத்தைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே வையுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான். எம்மெட்காரர்களுக்கு இந்தத் திட்டத்தில் வாக்கு இல்லை. அந்தப் படத்திலாவது அவர்கள் கண்ணில் படட்டும்.

ஆக, பட்டியலில் இப்படிப் போடலாமா?

ஆள்வரத்து – ஓரிடத்துக்கு வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் அளவு.
ஆள்போக்கு – ஓரிடத்திலிருந்து வெளியே வேலைக்குப் போகிறவர்களின் அளவு.
ஆள்வரத்துப் பகுதி – ஒரு வேலை மையத்துக்கு ஆள் வருகிற நிலப்பரப்பு. நிர்வாக எல்லையைச் சாராதது.

'பிரதேசம்' வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்துவிடுகிறேன். தினப்பயணம் என்பதைப் பள்ளி, கடை எல்லாம் சேர்ந்த பொதுச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம். பாய்சியில் குடியிருந்துகொண்டு மவுன்டன் ஹோம் விமானப்படைத் தளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைப் போல, நகரத்திலிருந்து வெளியே போகும் ஓட்டத்துக்கு 'எதிர்முகப் பயணம்' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். மாற்று இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அடுத்து, கையில் வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய பணத்துக்குள் அடங்கும் வேலைகளை மட்டும் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதற்கு 'நிதிவரம்புக்கு உட்பட்ட திட்டம்' என்று எழுதி வருகிறேன், நீளமாக இருக்கிறது. அதைத் தனி இழையில் கேட்கிறேன்.

அன்புடன்,
மெரிடியனிலிருந்து