எங்கள் குடும்பக் குழுவில் மங்கு பற்றிய பேச்சு

சனிக்கிழமை, மாலை 6:40

ராணி: (படம்) எல்லோரும் இதைக் கொஞ்சம் பாருங்கள். பங்குனியில் மூக்குத் தண்டின் மேல் மட்டும் லேசாக இருந்தது. இப்போது இரண்டு கன்னத்திலும் பரவி, மேலுதட்டிலும் நிழல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நேற்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "டீச்சர், முகத்தில் மை ஒட்டியிருக்கு" என்று கைக்குட்டையை நீட்டியது. வகுப்பு முடிகிற வரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பிரியா கல்யாணத்துக்கு இன்னும் 5 வாரம்தான் இருக்கிறது.

பெரியம்மா: மங்குதான் அது. என் அம்மாவுக்கும் இதே இடத்தில் இருந்தது. ஜாதிக்காயைப் பால் விட்டுக் கல்லில் உரசிப் போடு. ஒரு மண்டலம் விடாமல் போட்டால் போகும்.

கோமதி சித்தி: எலுமிச்சம்பழச் சாறும் தேனும் கலந்து தேய் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். திவ்யா டியூட்டியில் இருக்கிறாள், வந்ததும் கேட்போம்.

முருகேசன் மாமா: பியூட்டி பார்லரில் பிரியாவுக்கு ஏதோ நைட் க்ரீம் கொடுத்தார்கள். பிள்ளைக்கு முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ராணிக்கும் ஒரு டப்பா வாங்கச் சொல்லட்டுமா?

ராணி: சொல்லுங்கள் மாமா, நாளைக்கே வேண்டும்.

கவிதா: மாமா, வாங்க வேண்டாம். ராணியக்கா, நீ எதையும் வாங்காதே. நான் குக்கரை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன், பொறு.

மாலை 7:15

கவிதா: இதை நான் குழுவில் சொன்னதே இல்லை. 4 வருஷத்துக்கு முன் எனக்கும் இதே மங்கு வந்தது, சின்னவன் பிறந்த பிறகு. மருந்துக் கடையில் கேட்டேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை, ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். இரவில் போட்டேன். எட்டாவது நாள் கண்ணாடியில் பார்த்தபோது மங்கு பாதிக்கு மேல் மறைந்திருந்தது. ஒரு ட்யூப் முடிய அடுத்தது. இப்படியே 7 மாதம் போட்டேன்.

கவிதா: அப்புறம் தோசைக்கல் முன்னால் நின்றாலே முகம் காந்த ஆரம்பித்தது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிந்தது. தாடையில் பரு, மேலுதட்டில் ரோமம். சரி, நிறுத்துவோம் என்று ஒரு நாள் நிறுத்தினேன். மூன்றாம் நாள் முகம் வீங்கிச் சிவந்துவிட்டது. பயந்துபோய் மறுபடி போட்டேன், அடங்கியது. அப்போதுதான் அதில் மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது.

கோமதி சித்தி: அந்த வருஷம் அம்மன் கொடைக்கு நீ வராமல் போனது இதற்காகவா?

கவிதா: ஆமாம் சித்தி. முகத்தைக் காட்ட முடியவில்லை. தோல் டாக்டரிடம் போய், படிப்படியாக நிறுத்தி, முகம் பழைய நிலைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த நரம்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. மங்கோ முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது.

பெரியம்மா: என்னிடமாவது சொல்லியிருக்கலாமே கண்ணு.

இரவு 8:05

திவ்யா: இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன். கவியக்கா சொன்னது வாரத்தில் எத்தனையோ பேருக்கு நான் பார்க்கிறது. சென்னையில் எங்கள் தோல் பிரிவு ஓபியில் வரிசையில் நிற்பவர்களிடம் "என்ன போட்டீர்கள்" என்று கேட்டால் முதலில் வாயே திறக்க மாட்டார்கள். அப்புறம் பையிலிருந்து அந்த ட்யூப் வரும்.

திவ்யா: அந்த ட்யூபில் மூன்று மருந்து இருக்கும்: ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். முதல் இரண்டும் நிறத்தைக் குறைப்பவை. மூன்றாவது ஸ்டீராய்டு. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன் இப்படி மூன்றைச் சேர்த்து ஒரு கலவை செய்தார். மற்ற இரண்டும் தோலை உறுத்தும், அந்த உறுத்தலை அடக்கத்தான் ஸ்டீராய்டு. மருத்துவர் பார்வையில் சில வாரம் போட்டு நிறுத்த வேண்டிய மருந்து இது. இங்கே பவுடர் மாதிரி மாதக்கணக்கில் போடுகிறார்கள். 2018இல் தோலுக்குப் போடும் ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. ஆனாலும் கிடைக்கிறது.

ராணி: அப்படியானால் எந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திவ்யா: ட்யூபில் சின்ன எழுத்தைப் படி அக்கா. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூசினோலோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. எதுவுமே எழுதாத டப்பாவாக இருந்தால் அதைவிட மோசம். மாமா, பிரியா போடும் க்ரீமின் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பிரியா: (படம்) இதுதான் மதினி. 12 நாளாகப் போடுகிறேன். முகம் நல்லாத்தானே இருக்கிறது?

திவ்யா: பிரியா, இந்த டப்பாவில் யார் தயாரித்தார்கள், எந்த மாதம், உள்ளே என்ன இருக்கிறது, எதுவும் இல்லை. பூப்படம் மட்டும் போட்டிருக்கிறது. இன்று இரவிலிருந்து போடாதே. மாமா, நீங்களும் கேளுங்கள். இப்படிப் பெயர் இல்லாத சிவப்பழகு க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கும். நிறத்தை வேகமாக எடுக்கும், தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். 2023இல் கேரளாவில் மலப்புரம் பக்கம் சிறுநீரில் புரதம் ஒழுகுகிற நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலரும் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்கள் என்று தெரிந்தது.

முருகேசன் மாமா: ஐயோ. நான்தான் பணம் கொடுத்து வாங்கச் சொன்னேன்.

திவ்யா: மாமா, 12 நாள்தான், பதற வேண்டாம். பிரியா, கால் வீக்கம், காலையில் கண் இமை வீக்கம், சிறுநீரில் நுரை இருக்கிறதா?

பிரியா: இல்லை மதினி. ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டால் நாலு நாளாகக் கொஞ்சம் காந்துகிறது. பளபளப்பு வருவதால் அப்படி என்று பார்லர் அக்கா சொன்னார்கள்.

திவ்யா: அது தோல் உறுத்தப்படுவதன் அறிகுறி. திங்கட்கிழமை தோல் டாக்டரிடம் காட்டிவிட்டு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய். டப்பாவைத் தூக்கிப் போடாதே, மூடி கவரில் கட்டிக் கையோடு கொண்டு போ. நிறுத்தினதும் சில நாள் சிவக்கலாம், பரு வரலாம். அதற்குப் பயந்து திரும்பப் போட்டுவிடாதே. வாசனை இல்லாத சாதா மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் போடு. கல்யாணத்துக்கு முன்னால் தோல் உரிக்கும் பீலிங், லேசர், ப்ளீச் என்று யார் எதைச் சொன்னாலும் வேண்டாம். நம் மாதிரி மாநிறத் தோலில் சூடு அதிகமானால் பட்ட இடமே கறுத்துவிடும்.

கவிதா: பிரியா, உன் நிறத்துக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் உன்னை இந்த முகத்தோடுதான் பார்த்துச் சம்மதம் சொன்னார்கள்.

பிரியா: சரி மதினி. அழுகை வருகிறது, ஆனால் நல்லவேளை கேட்டேன்.

இரவு 8:50

ராணி: திவ்யா, இப்போது எனக்குச் சொல். எனக்கு ஏன் வந்தது?

திவ்யா: முதலில் ஒன்று கேட்கிறேன். மாதவிலக்குக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?

ராணி: தை மாதத்திலிருந்து ஹார்மோன் மாத்திரை. லேடி டாக்டர் கொடுத்தார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

திவ்யா: இருக்கலாம். தோலுக்கு நிறம் செய்யும் செல்கள் எல்லோருக்கும் உண்டு. மங்கு வரும் இடத்தில் அவை தொட்டாற்சிணுங்கி மாதிரி, லேசாகத் தொட்டாலே போதும். தொடுவது முதலில் வெயில், அடுத்து ஹார்மோன். அதனால்தான் கர்ப்பத்தில் நிறையப் பேருக்கு வருகிறது, பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தானாக மங்கும். அம்மாச்சிக்கு இருந்தது என்று பெரியம்மா சொன்னார்களே, அந்த வாகும் உண்டு. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. அதே டாக்டரிடம் மங்கு வந்திருக்கிறது என்று சொல், வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ராணி: நான் வெயிலில் அவ்வளவு நிற்பதில்லையே. ஸ்கூட்டியில் 20 நிமிஷம்தான்.

திவ்யா: மதியம் சத்துணவு நேரத்தில் பிள்ளைகளோடு வெளியே நிற்பாய், அப்புறம் ஜன்னலோர மேஜை. வெயிலில் இருக்கும் யுவிஏ என்கிற புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியாக வரும். மேகம் மூடின நாளும் வரும். மங்கு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே நம் மாதிரித் தோலைக் கறுக்க வைக்கும். வெள்ளையாக இருக்கும் சாதா சன்ஸ்கிரீன் அதைச் சரியாகத் தடுக்காது. தோல் நிறத்தில் டின்ட் போட்டு வரும் சன்ஸ்கிரீனில் இரும்பு ஆக்சைடு இருக்கும், அது தடுக்கும். மங்கையும் கொஞ்சம் மறைக்கும்.

ராணி: கல்யாணப் போட்டோவுக்கு அது போதுமா?

திவ்யா: போதும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் வாங்கு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். எல்லோரும் பயறு அளவுதான் போடுகிறார்கள், அதில் பலன் இல்லை. காலையில் ஒன்று, பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்னொன்று. மேலே துப்பட்டாவோ குடையோ.

முருகேசன் மாமா: எனக்கும் நெற்றியில், கன்னத்தில் இப்படித்தான் இருக்கிறது. பைக்கில் சரக்கு லைனுக்குப் போய் வெயிலில் கறுத்துவிட்டது என்று விட்டுவிட்டேன். ஆண்களுக்கும் மங்கு வருமா?

திவ்யா: வரும் மாமா. பெண்களுக்கு அதிகம், அவ்வளவுதான். நீங்களும் சன்ஸ்கிரீன் போடுங்கள். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள்.

பெரியம்மா: என் ஜாதிக்காய்க்கு ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே நீ.

திவ்யா: மறக்கவில்லை பெரியம்மா. ஜாதிக்காயை மெதுவாகப் பூசினால் பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம் இல்லையா, அந்த உரசலில் தோல் புண்பட்டால் அந்த இடம் மேலும் கறுக்கும். எரிந்தால் அன்றோடு விட வேண்டும். எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மா. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து கறுத்துப் போகும்.

கோமதி சித்தி: சரி, பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா: (படம்) அப்படியே என் நெற்றியையும் பார். இதுவும் மங்கா?

திவ்யா: பெரியம்மா, வெளிச்சத்தில் நின்று இன்னொன்று எடுங்கள்.

பெரியம்மா: (படம்)

திவ்யா: இது மங்கு இல்லை. கறுப்பு சரியாகப் பொட்டு வைக்கும் இடத்தில், பொட்டின் வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. காதோரத்திலும் முடி ஓரமாகக் கறுத்திருக்கிறது. தலைக்குச் சாயம் போடுகிறீர்களா?

பெரியம்மா: மாதம் ஒரு முறை. போட்டால் இரண்டு நாள் அரிக்கும். பேன் என்று நினைத்தேன்.

திவ்யா: சாயத்தில் பிபிடி என்று ஒரு பொருள் இருக்கும், அது நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்ளாது. கடைக் குங்குமத்தில் சேர்க்கும் சாயமும் அப்படித்தான். முதலில் அரிப்பு, அப்புறம் கறுப்பு. இரண்டையும் நிறுத்துங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்யலாம். ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறாதீர்கள். அதன் பசையால் சிலருக்கு அந்த இடம் வெளுத்தே போகும்.

பெரியம்மா: குங்குமம் வைக்காமல் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எப்படிப் போவது?

திவ்யா: வகிட்டில் வேண்டாம், தாலியில் தொட்டு வையுங்கள். நெற்றிக்குத் திருநீறு.

பெரியம்மா: அது முடியும்.

ராணி: சன்ஸ்கிரீன் மட்டும்தானா எனக்கு? மருந்து கிடையாதா?

திவ்யா: உண்டு. நேரில் பார்த்து, ஆழம் எவ்வளவு என்று வுட்ஸ் விளக்கின் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்துத்தான் எழுதுவார்கள். மேல் தோலோடு நின்றால் சீக்கிரம் குறையும், உள்ளே இறங்கியிருந்தால் நாள் பிடிக்கும். அசலாயிக் அமிலம் மெதுவாக வேலை செய்யும், கர்ப்பத்திலும் போடலாம். ஹைட்ரோக்வினோனைக் கணக்காகச் சில மாதம் போட்டு நிறுத்த வேண்டும், வருஷக்கணக்கில் போட்டால் அதுவே நீலக் கறுப்பாகப் படியும். டிரானெக்சாமிக் அமிலம் என்று மாத்திரையும் இருக்கிறது. அதிக உதிரப்போக்குக்குக் கொடுப்பதுதான் அது. ரத்தம் உறைவதைக் கூட்டும் என்பதால் ஹார்மோன் மாத்திரையோடு சேர்த்து எடுக்கக் கூடாது. யாராவது பெயர் சொன்னார்கள் என்று வாங்கிவிடாதே.

ராணி: 5 வாரத்தில் போகாது, அப்படித்தானே?

திவ்யா: போகாது அக்கா. 2, 3 மாதத்தில் மங்கலாகும். வெயில் விஷயத்தில் கவனத்தை விட்டால் திரும்ப வரும். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ராணி: சரி. எதனால் என்று தெரிந்ததே பாதி பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது.

கவிதா: போட்டோவில் நான் உன் பக்கத்தில் நிற்கிறேன் அக்கா. என் கன்னத்து நரம்பும் தெரியட்டும்.

ஞாயிறு, இரவு 9:20

பிரியா: டப்பாவைக் கவரில் கட்டி எடுத்து வைத்துவிட்டேன். பார்லர் அக்காவிடமும் போய்ச் சொன்னேன். அவர்களும் அதைத்தான் போடுகிறார்களாம், 2 வருஷமாக. நாளைக்கு அவர்களும் எங்களோடு வருகிறார்கள்.

திவ்யா: நல்ல காரியம் செய்தாய். அதில் ஸ்டீராய்டு இருந்தால், இத்தனை நாள் போட்டவர் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் அதை முதலில் சொல்லச் சொல்.

ராணி: நானும் லீவு போட்டுவிட்டேன். 8 மணிக்குப் பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்துக்குக் கீழே நிற்பேன். பிரியா, உங்கள் வீட்டுப் பெரிய குடையை எடுத்து வா, மூன்று பேருக்கும் ஆகும்.