தவில் அடியை அரேஞ்சர் கீபோர்டுக்குள் அமர்த்திய அனுபவம்

மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கும் தவில் கிட் (விசைக்கு ஓர் அடியாகத் தவில் ஒலிகளை அடுக்கிய தொகுப்பு) ஒன்று என்னிடமும் நெடுங்காலம் இருந்தது. அதில் ஒவ்வொரு விசைக்கும் ஒரே ஒரு சாம்பிள், அதாவது பதிவு செய்த ஒலித்துண்டுதான். மெதுவாகத் தொட்டால் சத்தம் குறையும், ஓங்கி அடித்தால் கூடும்; ஒலியின் குணம் மட்டும் எள்ளளவும் மாறாது. கோயில் திருவிழாக்களில் பக்திப் பாடல்களுக்கு அதை வைத்து ஒருவாறு சமாளித்தேன். ஆனால் பாட்டின் நடுவே தவில் தனித்து ஒலிக்க வேண்டிய இடம் வந்தால், அச்சடித்தாற்போல் ஒரே அடி திரும்பத் திரும்ப விழுவது மேடைக்கு எதிரே தரையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அவர்கள் பிறந்ததிலிருந்தே தவில் கேட்டவர்கள்.

யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 என்ற அரேஞ்சர் கீபோர்டு (இடக்கைக் கார்டுக்கு ஏற்பத் தாளம், பேஸ் எல்லாம் தானே வாசிக்கும் வகை) கைக்கு வந்த பிறகு, நானே பதிவு செய்து ஒரு கிட் அமைப்பது என்று முடிவு செய்து, எங்கள் பக்கத்துத் தவில் வித்துவான் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். ஒவ்வொரு சொல்லையும், அதாவது ஒவ்வொரு வகை அடியையும், மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என மூன்று அளவில் அடித்துத் தரும்படி கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். "தம்பி, மெதுவா அடின்னா சத்தம் மட்டுமா கொறையும்? கையே வேற மாதிரி வுழும்" என்று சொல்லி, வலந்தலையில் (விரல்களால் வாசிக்கும் பக்கம்) அடித்தே காட்டினார். மெல்ல அடிக்கையில் விரலில் மாட்டியிருந்த கூட்டின் நுனி மட்டும் தோலில் பட்டு, 'டிக்' என்ற ஒலி முன்னால் நின்றது. பலமாக அடிக்கையில் விரல் முழுவதுமாக விழுந்து, தோலின் நாதம் அந்த 'டிக்'கை விழுங்கிவிட்டது. மறுபக்கமான தொப்பியில் கழியால் அடிக்கும்போதும் இதே நிலைதான். பலமான அடியின் ஒலியளவைக் குறைத்தால் மென்மையான அடி கிடைக்காது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

புதிதாக முயல்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடி எவ்வளவு பலமானது என்பதைக் கீபோர்டு குறித்துக்கொள்ளும் வெலாசிட்டி என்பது நாம் விசையை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதன் அளவு அல்ல. விசைக்கு அடியில் உள்ள இரண்டு தொடுமுனைகளில் ஒன்று மூடியதற்கும் அடுத்தது மூடியதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கீபோர்டு அளந்து, அதை 1 முதல் 127 வரையான எண்ணாக மாற்றுகிறது. வெலாசிட்டி ஸ்விட்ச் என்பது அந்த எண் எந்த எல்லைக்குள் விழுகிறதோ அதற்குரிய சாம்பிளை மட்டும் ஒலிக்கச் செய்வது. இரண்டு சாம்பிள்களையும் ஒன்றாக ஒலிக்கவிட்டு ஒன்றிலிருந்து மற்றதற்குப் படிப்படியாக நழுவும் கிராஸ்ஃபேடு முறையும் உண்டு. அது காதுக்கு இதமானதுதான், ஆனால் கீபோர்டு ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களில் இரண்டை ஒரு சுரத்துக்கே தின்றுவிடும். ஸ்டைல் (தானே ஓடும் பின்னணித் தாளம்), பேஸ், இடக்கைக் கார்டு, வலக்கை ஒலிகள் எல்லாம் 128 குரல்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் அரேஞ்சரில், தாள வாத்தியத்துக்கு ஸ்விட்ச்சே போதும் என்பது என் கருத்து.

எல்லைகளை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பகுதி வேலை இருந்தது. 127-ஐ மூன்றால் வகுத்துச் சமமாக வெட்டுவது எளிது. யாருடைய கையும் அப்படிச் சமமாக வாசிப்பதில்லை. நான் கச்சேரியில் வாசிக்கும் விதத்திலேயே சில பாடல்களுக்குத் தாளம் வாசித்து, அதை மிடியாக (ஒலியாக அல்லாமல், எந்த விசை எந்த வெலாசிட்டியில் என்ற எண்களாக) பதிவு செய்து, எண்களைக் கணினியில் பார்த்தேன். மெதுவாக அடிப்பதாக நான் எண்ணியவை 45-க்கும் 60-க்கும் இடையில் இருந்தன. பெரும்பாலான அடிகள் 70-க்கும் 100-க்கும் இடையில் குவிந்திருந்தன. ஆகவே கீழ் எல்லையை 58-இலும் மேல் எல்லையை 105-இலும் வைத்தேன். அடுத்து, எல்லையின் இரு பக்கத்திலும் சத்தம் தாவாமல் இருக்க வேண்டும். 104-இல் ஒலிக்கும் அடியும் 105-இல் ஒலிக்கும் அடியும் அளவில் ஒன்றாகவும் குணத்தில் மட்டும் வேறாகவும் இருக்கும்படி, பலமான சாம்பிள்களின் ஒலியளவைக் குறைத்துக்கொண்டு, சத்த ஏற்ற இறக்கத்தை வெலாசிட்டி சென்சிட்டிவிட்டி (வெலாசிட்டிக்கு ஏற்பச் சத்தம் எவ்வளவு மாற வேண்டும் என்ற அமைப்பு) பொறுப்பில் விட்டேன். சாம்பிளின் தொடக்கத்தில் இருக்கும் நிசப்தத்தையும் ஒட்ட வெட்ட வேண்டும். ஒரு லேயரில் (ஒரு வெலாசிட்டி எல்லைக்குரிய சாம்பிள் அடுக்கில்) சில மில்லிசெகண்டு அதிகம் எஞ்சியிருந்தாலும், மெதுவான அடிகள் மட்டும் தாளத்தில் பின்தங்குவதுபோல் தோன்றும். வாசிப்பவர் தன் கையைத்தான் சந்தேகிப்பார்.

இவ்வளவு செய்தும் அந்த 'அச்சு' ஒலி முழுவதும் போகவில்லை. கணினி சாம்பிளர்களில் ஒரே அடிக்குப் பல பதிவுகளை வரிசையாகச் சுழற்றும் வசதி உண்டு. என் கிட்டில் அதை வெலாசிட்டியைக் கொண்டே ஏமாற்றிப் பெற்றேன். மனிதக் கை இரண்டு முறை ஒரே எண்ணில் அடிப்பது அரிது. 82, 88, 79, 91 என்று அலைந்துகொண்டே இருக்கும். எனவே நடுப்பகுதியை ஆறேழு எண் அகலமுள்ள கீற்றுகளாக வெட்டி, ஏறத்தாழ ஒரே பலத்தில் அடிக்கப்பட்ட மூன்று வெவ்வேறு பதிவுகளை அந்தக் கீற்றுகளில் மாறி மாறி அமர்த்தினேன். கை இயல்பாக அலையும்போதே சாம்பிளும் மாறிவிடுகிறது. மென்மைக்கும் வன்மைக்கும் லேயர்களை எட்டு, பத்து என்று அடுக்குவதைவிட இது எனக்கு அதிகப் பயன் தந்தது. இடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 88 கிலோபைட்தான். எஸ்எக்ஸ்900-இல் நாமே சேர்க்கும் ஒலிகளுக்கான எக்ஸ்பான்ஷன் நினைவகமோ ஏறத்தாழ 1 ஜிகாபைட்.

ஸ்டைலுக்குள் இந்தக் கிட்டைப் போட்டபோது வேறொரு சிக்கல் தலைதூக்கியது. எண்களைத் தட்டி அமைத்த ஸ்டைல்களில் ஒவ்வோர் அடியும் அசையாமல் 100 என்றே இருக்கும். கீற்றுத் தந்திரம் அங்கே பலிக்காது. ஸ்டைல் கிரியேட்டரில் உள்ள வெலாசிட்டி சேஞ்ச் முழுச் சேனலையும் ஒரே விகிதத்தில் ஏற்றி இறக்குமே தவிர, அலைவைத் தராது. அந்தத் தாளங்களைக் கையாலேயே வாசித்து, குவான்டைஸ் (அடிகளைத் தாளக் கட்டத்தில் இம்மி பிசகாமல் பொருத்துவது) செய்யாமல் பதிந்தேன், அதுதான் வழி.

நாதஸ்வரத்துக்கு இதே உத்தியை வேறு விதமாகப் பயன்படுத்தினேன். துத்துகாரத்தோடு (நாக்கின் தட்டலோடு) தொடங்கும் சுரத்தை மேல் லேயரிலும், மூச்சை நிறுத்தாமல் தொடரும் சுரத்தை அதன் கீழும் வைத்தால், விரலின் வேகமே சுரம் எப்படிப் பிறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. யமஹா 2002-இல் டைரோஸ் கீபோர்டில் கொண்டுவந்த மெகா வாய்ஸும் இந்த வகைதான்: கிதாரில் திறந்த தந்தி, அடக்கிய தந்தி, ஸ்லைடு என ஒவ்வொன்றும் ஒரு வெலாசிட்டி எல்லையில் இருக்கும். அதைக் கையால் வாசிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், எது எப்போது வரும் என்பதே பிடிபடாது. அது ஸ்டைல்களுக்காகச் செய்யப்பட்டது. கையால் வாசிக்க வேண்டிய நாதஸ்வரம் போன்ற ஒலியில் இரண்டு குணங்களுக்கு மேல் வைக்கக்கூடாது என்று நான் வரம்பு வைத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். கமகத்துக்குச் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது; வெலாசிட்டி அங்கே எதுவும் செய்யாது.

யமஹாவின் கணினி மென்பொருளான எக்ஸ்பான்ஷன் மேனேஜரில் ஒலிகளைப் பேக் செய்து கீபோர்டில் நிறுவுபவர்கள் கவனிக்க: புதிய பேக்கை நிறுவும்போது பழையது அழிந்துவிடும். ஆகவே வேண்டியவை அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்தே நிறுவ வேண்டும்; கச்சேரிக்குப் புறப்படும் மாலையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பக்கத்து ஊர்க் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவர் தம் யமஹா எஸ்எக்ஸ்700 கீபோர்டுக்கு இந்தக் கிட்டைக் கேட்டு வாங்கிப் போனார். சில நாள் கழித்து, "அண்ணா, எல்லாமே ஓங்கி அடிச்ச மாதிரியே இருக்கு" என்று போன் செய்தார். அவருடைய கை என்னுடையதைவிடக் கனமானது. விசையின் உணர்திறனை மாற்றும் டச் அமைப்பை, ஓங்கி அடித்தால்தான் பலமாக ஒலிக்கும் ஹார்டு 1-க்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். அதில் பியானோ கெட்டுப்போகிறது என்றார். கடைசியில் மேல் எல்லையை 105-இலிருந்து 116-க்கு ஏற்றி, நடுக்கீற்றுகளை அதற்கேற்ப அகலப்படுத்தி அனுப்பினேன். சாம்பிள்கள் எதையும் தொடவில்லை. இப்போது அவர் அதைத்தான் வாசிக்கிறார்.