கல்லுக்கு வார்னிஷ் அடித்த அனுபவம் உள்ளவர்களே, கொஞ்சம் கை கொடுங்கள்

வணக்கம் மக்களே. நாங்கள் பாஸ்டன் பக்கம் இருக்கிறோம். கேப் காட் கடற்கரையில் மேகன் மர்ஃபி என்பவர் 2015-ல் கூழாங்கல்லில் நாலு நல்ல வார்த்தை எழுதிப் போட்டுவிட்டு வர ஆரம்பித்தார் இல்லையா, அது இப்போது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கண்ணில் பட்டவர் எடுத்து வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வேறெங்காவது ஒளித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

மகளும் அவளுடைய தமிழ்ப் பள்ளிக் கூட்டாளிகளும் 30 கல் தீட்டினார்கள். அடியில் அக்ரிலிக் பெயின்ட், மேலே போஸ்கா என்கிற பெயின்ட் பேனாவில் எழுத்து. ஆர்வக்கோளாறில் நான்தான் பிரஷ்ஷால் வார்னிஷ் பூசித் தொலைத்தேன். "கவலைப்படாதே"யில் புள்ளியும் கொம்பும் இழுபட்டு, பார்க்கிறவருக்கே கவலை வந்துவிடும்போல ஆகிவிட்டது. பிள்ளை இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

முதலில் ஸ்ப்ரே வார்னிஷ் லேசாக இரண்டு முறை அடித்தால் மை கலங்காதா? பேனா எழுத்து எத்தனை மணி நேரம் காய வேண்டும்? மழை, பனி இரண்டையும் தாங்கிய பிராண்ட் எது?

தேசியப் பூங்கா இடங்களில் கல்லை எடுக்கவும் கூடாது, தீட்டியதை வைக்கவும் கூடாது. அதனால் கடையில் வாங்கிய தோட்டக்கல்தான். ஊர் நூலகத் தோட்டத்தில் வைக்க அனுமதி கேட்டு வாங்கிவிட்டேன்.

அப்புறம், உள்ளங்கை அளவுக் கல்லில் அடங்குகிற மாதிரி சின்னத் தமிழ்ச் சொற்கள் வேண்டும். "சாப்பிட்டாயா?" ஏற்கெனவே எழுதியாயிற்று. வேறு சொல்லுங்களேன், சனிக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.