மூன்று மணிச் சண்டைகள்: சிறார் மையத்தில் நடத்தைப் பதிவுகள்

அமெரிக்காவில் சிறார் சீர்திருத்த மையம் ஒன்றுக்குள் இயங்கும் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மையத்தில் பிபிஐஎஸ் (PBIS, நல்ல நடத்தையை ஊக்குவிக்கும் முறை) நடக்கிறது. பிள்ளை தப்பு செய்த பிறகு தண்டிப்பதை மட்டும் நம்பாமல், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பது, அப்படி நடந்தால் உடனே பாராட்டுவது, நடப்பதை எழுதிவைத்து அதைப் பார்த்து முறையைத் திருத்துவது. இவ்வளவுதான். சாதாரணப் பள்ளிகளில் வளர்ந்த முறை இது. 2009-இல் டெக்சாஸ் சட்டமன்றம் தன் மாநிலச் சிறார் மையங்களின் பள்ளிகளுக்கும் இதைக் கொண்டுவந்தது.

முன்பெல்லாம் மாதக் கூட்டத்தில் இன்சிடென்ட் ரிப்போர்ட்டுகளை, அதாவது சண்டை, தகராறு நடந்தால் ஊழியர்கள் எழுதும் தாள்களை, பெயர்வாரியாகத்தான் அடுக்குவார்கள். எப்போதும் அதே நாலைந்து பையன்கள்தான் பட்டியலின் உச்சியில். ஒருமுறை எங்கள் உளவியலாளர் அதே தாள்களை நேரவாரியாக, இடவாரியாகப் பிரித்துக் காட்டினார். சண்டைகளில் பெரும்பங்கு மாலை 3 மணியை ஒட்டி, பள்ளிக்கும் டார்முக்கும் (பையன்கள் தங்கும் கட்டடம்) நடுவில் உள்ள நடைபாதையில். அதுதான் ஷிஃப்ட் மாறும் நேரம். போகிறவர் சாவியை ஒப்படைக்கிறார், வருகிறவர் தலை எண்ணுகிறார், அதுவரை பையன்கள் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். டார்ம் வாரியாகச் சிறு சிறு குழுவாக அனுப்ப ஆரம்பித்ததும் அந்த இடத்துச் சண்டைகள் வெகுவாகக் குறைந்தன. பையன்கள் அதே பையன்கள்தான்.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் ‘அதற்கு முன் என்ன நடந்தது’ என்று ஒரு கட்டம் உண்டு. பலர் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். மேசையைத் தள்ளிவிட்டு வெளியேறும் ஒரு பையனின் தாள்களில் மட்டும் அந்தக் கட்டத்தை ஒரு ஆசிரியை ஒழுங்காக நிரப்பியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே விஷயம்: சத்தமாக வாசிக்கச் சொன்னோம். சக பையன்கள் முன்னால் திக்கித் திணறுவதைவிட, தப்பு செய்தால் தனியாக அடைத்துவைக்கும் தனியறையே மேல் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. வாசிப்பைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தோம். அந்தக் கட்டம் காலியாக இருந்திருந்தால் அவனை முரடன் என்றே முடிவு கட்டியிருப்போம்.

பதில்:
மேலே எழுதியவர் சொன்னது முழுக்கச் சரி. நான் வேறொரு மாநிலத்தில் டார்ம் பணியில் இருந்தேன். எண்ணிக்கை குறைந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். எங்களிடம் ஒரு மாதம் ரிப்போர்ட்டுகள் சட்டென்று சரிந்தன. ஆள் பற்றாக்குறை, ஆளாளுக்கு இரட்டை ஷிஃப்ட், எழுத யாருக்கும் நேரமில்லை. தனியறைப் பதிவேட்டைத் திறந்தால் அடைத்துவைத்த நேரம் கொஞ்சமும் குறையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மையத்தில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தினம் மாறும். முப்பது பேர் இருந்த மாதத்தையும் அறுபது பேர் இருந்த மாதத்தையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. 1995-இல் தொடங்கிய பிபிஎஸ் (PbS, மேலே சொன்ன பிபிஐஎஸ் வேறு) என்ற தேசியத் தரக் கண்காணிப்பில் நூறு ஆள்-நாளுக்கு (ஒரு பிள்ளை ஒரு நாள் இருந்தால் ஒரு ஆள்-நாள்) எத்தனை சம்பவம் என்றுதான் கணக்கு. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் தரவு எடுக்கிறார்கள். ‘இங்கே உனக்குப் பயமாக இருக்கிறதா’ என்று பிள்ளைகளிடமே கேட்கிறார்கள். எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கேள்விதான்.

பதில்:
பாயிண்ட் கார்டையும், அதாவது நன்றாக நடந்துகொண்டால் ஊழியர்கள் பாயிண்ட் போட்டுக்கொடுக்கும் அட்டையையும், சேர்த்துக்கொள்ளுங்கள். பையன் எத்தனை பாயிண்ட் வாங்கினான் என்று எல்லோரும் பார்க்கிறோம், யார் கொடுத்தார்கள் என்று பார்ப்பதில்லை. எங்கள் மையத்தில் பார்த்தபோது பள்ளி நேரத்தில் நிறைய, சனி ஞாயிறு இரவு ஷிஃப்டில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அந்த ஷிஃப்ட்காரர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கவில்லை. பயிற்சி வகுப்புகள் எல்லாம் வாரநாள் பகலில்தான் நடந்திருக்கின்றன. இப்போது இரவுப் பணி தொடங்குமுன் அரை மணி நேரம் அவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள்.