எல் டோப்போ: முதலில் எங்கே பார்த்தீர்கள், எந்தக் காட்சி உங்களோடு தங்கிவிட்டது?

மணல்வழி எழுதியது:

நண்பர்களே, போன வாரம் என் மகனுக்கு ஏழாவது பிறந்தநாள். அன்று இரவு அவன் தூங்கிய பிறகு, பத்து வருடங்கள் கழித்து 'எல் டோப்போ' படத்தை மறுபடி போட்டேன். தொடக்கக் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெட்டவெளி மணல். கறுப்புத் தோலுடையில், கறுப்புக் குடை பிடித்தபடி குதிரையில் ஒருவன் வருகிறான். அவன் பின்னால் உடம்பில் துணியில்லாத ஒரு சிறுவன். அப்பா சொல்கிறார்: இன்று உனக்கு ஏழு வயது, நீ ஆண்பிள்ளை ஆகிவிட்டாய், உன் முதல் பொம்மையையும் உன் அம்மாவின் படத்தையும் புதைத்துவிடு. பையன் மண்ணைத் தோண்டுகிறான். அப்பா உட்கார்ந்து புல்லாங்குழல் வாசிக்கிறார்.

இருபத்தைந்து வயதில் இதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குடைதான் பெரிதாகத் தெரிந்தது. இந்த முறை அந்தப் பையனின் கைகளை மட்டும்தான் பார்த்தேன். அதற்கு மேல் அன்று என்னால் ஓட்ட முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

படத்துக்கு அர்த்தம் கேட்டு இதை எழுதவில்லை. அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நீங்கள் எங்கே, யாரோடு பார்த்தீர்கள், எது மனதில் நிற்கிறது? அதைச் சொல்லுங்கள்.

ஈசல் எழுதியது:

கல்லூரி விடுதி அறையில், நண்பனின் மடிக்கணினியில், எட்டுப் பேர். பாதிப் படத்தில் ஐந்து பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு நான்காவது குரு. பாலைவனத்தில் நான்கு துப்பாக்கி வல்லவர்களை ஒவ்வொருவராகக் கொல்ல நாயகன் கிளம்புகிறான் அல்லவா? கடைசி ஆள் ஒரு கிழவர். அவரிடம் துப்பாக்கியே இல்லை, பட்டாம்பூச்சி பிடிக்கிற வலை ஒன்றுதான் இருக்கிறது. சுட்ட குண்டுகளை அந்த வலையாலேயே திருப்பி அனுப்புகிறார். அப்புறம், உயிர் ஒரு பொருட்டே இல்லை என்று காட்டுவதற்காகத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு விழுகிறார். ஜெயிக்க வந்தவனுக்கு ஜெயிக்க ஒன்றுமே மிச்சமில்லை. அன்று இரவு நாங்கள் மூன்று பேரும் மொட்டை மாடியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

எட்டாவது அவென்யூ எழுதியது:

மணல்வழி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் ஒரு வீடியோ கடைதான் எனக்கு ஞாபகம் வந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்காக நியூயார்க் வந்தது 1996-இல். குயின்ஸில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த வீடு. ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன வாடகை வீடியோ கடை இருந்தது. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நான் எப்போதும் கௌபாய் படங்களாகவே எடுப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மேசைக்கு அடியிலிருந்து பெயர் ஒட்டாத கேசட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதற்குக் காசு வேண்டாம், திங்கட்கிழமை கொண்டு வா" என்றார்.

அது ஜப்பானிய லேசர் டிஸ்க்கிலிருந்து பதிவு செய்த திருட்டுப் பிரதி. அடியில் ஜப்பானிய எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். நிர்வாணம் வரும் இடங்களில் மங்கலாக ஒரு படலம் மிதக்கும். பிரதிக்குப் பிரதி எடுத்ததில் நிறமெல்லாம் வெளுத்து, மணலும் வானமும் ஒன்றாகிவிட்டிருந்தன. அப்படியும் இரண்டு மணி நேரம் நான் அசையவில்லை.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் தன் கதையைச் சொன்னார். 1971 வசந்தத்தில் அவர் இதை எல்ஜின் தியேட்டரில் பார்த்தவர். மன்ஹாட்டனில் எட்டாவது அவென்யூவும் 19-ஆம் தெருவும் சந்திக்கிற இடம். தியேட்டரை நடத்திய பென் பேரன்ஹோல்ட்ஸ், நவீனக் கலை அருங்காட்சியகத்தில் போட்ட காட்சியில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நள்ளிரவில் போடலாம் என்று முடிவு செய்தார். 1970 டிசம்பர் 18 அன்று தொடங்கியது, அடுத்த ஜூன் வரை ஓடியது. பெரிய விளம்பரமெல்லாம் இல்லை, பார்த்தவன் போய் அடுத்தவனிடம் சொன்னான், அவ்வளவுதான். கூடம் முழுக்கக் கஞ்சாப் புகை என்றார். ஒரே ஆட்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார்களாம். படம் முடிந்து வெளியே வந்தால் விடிகாலைக் குளிர். யாரும் உடனே வீட்டுக்குப் போகாமல் நடைபாதையிலேயே நின்றிருப்பார்கள். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்படி ஓடிய படம் ஏன் மேசைக்கு அடியில் கிடந்தது? பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் இதைப் பார்த்து மயங்கிப்போக, அவருடைய மேலாளர் ஆலன் கிளைன் உரிமையை வாங்கினார். பிறகு கிளைனுக்கும் இயக்குநர் அலெஹாண்ட்ரோ ஜோடரோவ்ஸ்கிக்கும் சண்டை. கிளைன் எடுக்கச் சொன்ன ஒரு பாலுறவு நாவலை இவர் எடுக்க மறுத்ததுதான் காரணம். முப்பது வருடங்கள் போலப் படம் பூட்டிக் கிடந்தது. 2004-இல்தான் இருவரும் சமாதானம் ஆனார்கள். அந்த முப்பது வருடங்களும் இந்தப் படத்தைக் காப்பாற்றியது என் கடைக்காரர் மாதிரி ஆட்கள் கைமாற்றிய வெளுத்த கேசட்டுகள்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

2007-இல் சீரமைத்த டிஸ்க் வந்த அன்றே வாங்கினேன். படுகொலை நடந்த ஊருக்குள் அவன் குதிரையில் நுழைகிற காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தெருவில் ரத்தம் தேங்கிக் கிடக்கிறது. கேசட்டில் அது வெறும் சேறாகத் தெரிந்தது. பதினோரு வருடங்களாகச் சேறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரஃபாயல் கோர்கிடியின் ஒளிப்பதிவு எப்பேர்ப்பட்டது என்று அன்றுதான் புரிந்தது. கடைக்காரரிடம் சொல்லலாம் என்று போனால், கடை மூடி அங்கே செல்போன் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

எல்ஜின் கட்டடம் இன்னும் இருக்கிறது. 1982 முதல் அது ஜாய்ஸ் தியேட்டர், நடன நிகழ்ச்சிகளுக்கான அரங்கம். அந்தப் பக்கம் போனால் எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன். என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்று. நீங்கள் பார்த்து நிறுத்திய அந்தச் சிறுவன் பிராண்டிஸ், ஜோடரோவ்ஸ்கியின் சொந்த மகன். 2013-இல் தன் சிறுவயது ஊரான சிலியின் தொகோபியாவுக்குத் திரும்பிப் போய் அவர் ஒரு படம் எடுத்தார். அதில் தன் அப்பா வேடத்தை பிராண்டிஸுக்குத்தான் கொடுத்தார். பொம்மையைப் புதைத்த பையன் வளர்ந்து, தன் தாத்தாவாக நடிக்கிறான். அந்தப் படத்தையும் பாருங்கள்.

தேனடை எழுதியது:

எல்லாரும் முதல் பாதியையே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் படம். குகையில் அடைபட்ட, உடல் ஊனமுற்ற மக்கள். அவர்களுக்காக அவன் தலையை மழித்துக்கொண்டு ஊருக்கு வந்து, குள்ளமான தன் துணைவியோடு தெருவில் கோமாளித்தனம் செய்து காசு சேர்த்துச் சுரங்கம் தோண்டுகிறான். எல் டோப்போ என்றாலே ஸ்பானியத்தில் அகழெலிதானே. சூரியனைத் தேடித் தோண்டிக்கொண்டே போகும், வெளியே வந்து பார்த்ததும் கண் போய்விடும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். சுரங்கம் திறந்து அந்த மக்கள் ஊரை நோக்கி ஓடி வருவதும், ஊர்க்காரர்கள் அவர்களைச் சுட்டுத் தள்ளுவதும் எப்போது பார்த்தாலும் என்னால் தாங்க முடியாது. பிறகு அவன் தெருவில் உட்கார்ந்து தன்மேல் தீ வைத்துக்கொள்கிறான். 1963-இல் சைகோனில் தீக்குளித்த பௌத்தத் துறவியின் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உட்காரும் விதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. படத்தின் ஒரு பாலியல் வன்முறைக் காட்சியில் நிஜமாகவே அப்படி நடந்துகொண்டதாக, நாயகனாகவும் நடித்த ஜோடரோவ்ஸ்கியே எழுபதுகளில் சொன்னார். பிறகு, அது படத்தைப் பேசவைக்கச் சொன்ன வார்த்தை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றார். அதை வைத்து 2019-இல் நியூயார்க்கின் எல் மூசியோ தெல் பாரியோ அருங்காட்சியகம் அவரைப் பற்றிய கண்காட்சியை ரத்து செய்தது. விளம்பரத்துக்காகக்கூட ஒருவர் அப்படிப் பேசலாமா? எனக்கு அது ஆறவில்லை. அந்தக் காட்சி வந்தால் தாண்டிவிடுகிறேன். கல்லறையில் தேனீக்கள் மொய்க்கும் கடைசிக் காட்சிக்காக மறுபடி மறுபடி வருகிறேன். இரண்டும் உண்மைதான்.

மணல்வழி எழுதியது:

தேனடை, சொன்னதற்கு நன்றி. எனக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டுதான் மீதியைப் பார்க்க வேண்டும்.

எட்டாவது அவென்யூ அண்ணா, தாத்தாவாக நடித்த விஷயத்தைப் படித்துவிட்டு மகனின் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அவனுடைய முதல் பொம்மை ஒரு துணி யானை, ஒரு காது பிய்ந்து மூன்று வருடமாகிறது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை காதைத் தைத்துக் கொடுக்கப் போகிறேன்.

கேட்க மறந்துவிட்டேன், அந்தக் கேசட்டை நீங்கள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். அதன் பிரதி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?

எட்டாவது அவென்யூ எழுதியது:

இருக்கிறது. 1998-இல் நான் வீடு மாறும்போது அவரே ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். அட்டையில் அவர் கையெழுத்தில் பெயரும், அதற்குக் கீழே 'நள்ளிரவில் மட்டும்' என்றும் எழுதியிருக்கிறது.