உத்தரவு நியூ ஜெர்சியில், நாங்கள் வேறு மாநிலங்களில்: எந்தக் கோர்ட்?

வணக்கம். ஏழு வருடத்துக்கு முன் நியூ ஜெர்சியில் விவாகரத்து ஆனது. மகனின் பராமரிப்புத் தொகையும் அந்தக் கோர்ட் போட்டதுதான். இப்போது நானும் மகனும் வட கரோலினாவில், அவர் டெக்சாஸில். மகனுக்கு 11 வயது. பல்லுக்குக் கம்பி போட்டாயிற்று, ஷூ மூன்று மாதம் தாங்குவதில்லை. தொகை மட்டும் நாலு வயதில் போட்டதே.

கூட்டிக் கேட்கலாம் என்று மனுவோடு போனால், இங்கே கிளார்க் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே திருப்பித் தள்ளிவிட்டார். படித்துப் பார்த்தேன். பெற்றோரில் ஒருவரோ பிள்ளையோ அங்கே வசிக்கும்வரை, உத்தரவு போட்ட மாநிலத்துக்குத்தான் மாற்றும் அதிகாரமாம். எல்லாரும் கிளம்பிவிட்டால், கேட்பவர் எதிராளியின் மாநிலத்தில் உத்தரவைப் பதிந்து கேட்க வேண்டும். இருவரும் எழுதிக் கொடுத்தால் வேறு வழி உண்டு. அவர் கையெழுத்துப் போடுவாரா, சொல்லுங்கள்!

இங்குள்ள சைல்டு சப்போர்ட் அலுவலகம் வழியாகவே டெக்சாஸுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? போனில் சாட்சி சொல்ல விட்டார்களா, நேரில் போக வேண்டி வந்ததா? அப்புறம், டெக்சாஸில் பொதுவாக 18 வயதோடு நிற்கும், நியூ ஜெர்சியில் 19. தொகை அங்கே மாறினாலும் காலவரம்பு பழைய மாநிலச் சட்டப்படிதான் என்கிறார்கள். யாருக்காவது நடைமுறையில் அப்படியே நடந்ததா?