பழைய பிளேனர் (மரம் இழைக்கும் இயந்திரம்) வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. பினாங்கு பட்டர்வொர்த்தில் வீட்டுப் பின்புறம் சின்னதாகப் பட்டறை வைத்து மேசை, சாமி மேடை செய்து கொடுக்கிறேன். புக்கிட் மெர்தாஜாமில் மூடப்போகும் ஒரு பட்டறையில் 15 அங்குல தைவான் பிளேனர் 3,800 வெள்ளிக்கு வருகிறது, வார்ப்பிரும்பு உடம்பு, பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

சிக்கல் மோட்டாரில். அது 3 குதிரைசக்தி, 415 வோல்ட், மூன்று பேஸ். என் வீட்டில் ஒரு பேஸ்தான். இன்வெர்ட்டர் (ஒரு பேஸ் மின்சாரத்தை மூன்று பேஸாக மாற்றிக் கொடுக்கும் கருவி) போட்டால் ஓடும் என்கிறார் விற்பவர், ஆனால் ஒரு பேஸில் ஓடும் சாதாரண இன்வெர்ட்டர் 415 வோல்ட் கொடுக்காது, மோட்டார் சுருள்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து, குறைந்த வோல்ட்டில் ஓடும் டெல்டா முறைக்கு மாற்ற முடிந்தால்தான் சரிவரும். அப்படி மாற்றலாம் என்பதற்கு அடையாளமாகத் தகட்டில் 240/415 என்று போட்டிருந்ததா என்று பார்த்தால் எழுத்தே அழிந்து போயிருக்கிறது. வயர் பெட்டியைத் திறந்தால் கண்டுபிடித்துவிடலாமா? இப்படி மாற்றி ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம், கட்டர் உருளையைக் கையால் சுற்றினால் லேசான கரகரப்பு. பேரிங் மாற்றினால் போதுமா, இல்லை தண்டே தேய்ந்திருக்குமா? எனக்கு வருவதில் பாதி பாலாவ் மாதிரி கடினமான மரம், அதனால்தான் பயம்.

சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த யாராவது கூட வந்து பார்த்தால் பெட்ரோல், சாப்பாடு என் பொறுப்பு.